32 ஜிபி நினைவகமும் அதன் விலாசப் புத்தகமும்

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஓடும் எங்கள் சர்வரின் நினைவகத்தை 64 ஜிபியிலிருந்து 128 ஜிபியாக உயர்த்திய பிறகும், மாதக் கடைசியில் அது திணறுவது நிற்கவில்லை. கால் பங்கு என்ற வழக்கமான கணக்கின்படி ஷேர்டு பஃபர்ஸுக்கு (தரவுத்தளத்தின் எல்லாப் பிராசஸ்களும் பகிர்ந்துகொள்ளும் பொது நினைவகத்துக்கு) 32 ஜிபி ஒதுக்கியிருந்தோம். வரிசைப்படுத்தல் போன்ற வேலைகளுக்கான ஒர்க் மெம் அளவை இயல்பான 4 எம்பியிலேயே விட்டிருந்தோம். ஆயினும் ஒரு மாலை, நினைவகம் தீர்ந்துவிட்டதென்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், ஓடிக்கொண்டிருந்த ஒரு பிராசஸைக் கொன்றது. ஒரு கனெக்‌ஷனின் பிராசஸ் அப்படிக் கொல்லப்பட்டால், பொது நினைவகம் பழுதாகியிருக்கக்கூடும் என்று கருதி, போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லாக் கனெக்‌ஷன்களையும் துண்டித்துவிட்டு மீட்பு வேலையில் இறங்கும். அன்று ஏறத்தாழ 500 கனெக்‌ஷன்களும் ஒரே நொடியில் அறுந்தன.

நினைவகக் கணக்கைக் காட்டும் லினக்ஸின் மெம்இன்ஃபோ கோப்பை வரிவரியாகப் படித்தபோதுதான் ‘பேஜ் டேபிள்ஸ்’ என்ற வரி கண்ணில் பட்டது. அதற்கு நேரே 22 ஜிபி இருந்தது.

லினக்ஸ் நினைவகத்தை 4 கேபி பக்கங்களாகப் பிரித்து, எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு பிராசஸுக்கும் ஒரு பேஜ் டேபிளில் எழுதி வைக்கிறது. ஒரு பக்கத்துக்கு 8 பைட் குறிப்பு வேண்டும். 32 ஜிபியில் 83,88,608 பக்கங்கள் இருப்பதால், அவ்வளவையும் தொட்டுவிட்ட ஒரு பிராசஸின் பேஜ் டேபிள் 64 எம்பி ஆகிறது. போஸ்ட்கிரெஸ்ஸில் கனெக்‌ஷன் ஒன்றுக்குப் பிராசஸ் ஒன்று. பொது நினைவகம் ஒன்றேயானாலும் அதன் விலாசப் புத்தகத்தை ஒவ்வொரு பிராசஸும் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. 500 பிரதிகளும் முழுமையாக நிரம்பினால் 31 ஜிபிக்கு மேல் போகும், அதாவது புத்தகங்களின் எடை ஊரின் எடையை எட்டிவிடும்.

இதற்கு மருந்து, 2 எம்பி அளவுள்ள ஹியூஜ் பேஜஸ். அப்போது அதே 32 ஜிபிக்கு 16,384 குறிப்புகள், அதாவது 128 கேபி போதும். பொது நினைவகத்தில் பஃபர்களைத் தவிர வேறு சிலவும் இருப்பதால் எண்ணிக்கை சற்றுக் கூடும். சரியான எண்ணைப் பதிப்பு 15 முதல் போஸ்ட்கிரெஸ்ஸே கணக்கிட்டுச் சொல்கிறது, ஆனால் postgres -C கட்டளையால் கேட்பதானால் சர்வரை நிறுத்தியிருக்க வேண்டும். அந்த எண்ணைக் கெர்னல் அமைப்பில் எழுதி, தொடர்ச்சியான இடம் கிடைப்பதற்காக இயந்திரத்தையே ஓர் இரவில் மறுதொடக்கம் செய்தோம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஹியூஜ் பேஜஸ் அமைப்பின் இயல்பு மதிப்பு ‘ட்ரை’. பெரிய பக்கங்கள் கிடைக்காவிட்டால், போஸ்ட்கிரெஸ் ஓசையின்றிச் சிறிய பக்கங்களுக்குத் திரும்பிவிடும். அதை ‘ஆன்’ என்று மாற்றினால், கிடைக்காதபோது சர்வர் எழும்பவே மறுக்கும். இரவு 2 மணிக்கு எழும்பாத சர்வர், மாதக் கடைசியில் விழும் சர்வரைவிட எனக்கு மேலானது. இப்படி ஒதுக்கிய இடத்தை ஒர்க் மெம்மோ கோப்புத் தற்காலிகச் சேமிப்போ பயன்படுத்த முடியாது என்பதால், தாராளமாக ஒதுக்குவதும் தவறு.

அடுத்த மாதக் கடைசியில் அந்த வரி சில நூறு எம்பியைத் தாண்டவில்லை. 500 கனெக்‌ஷன்களை நேரடியாகத் திறந்து வைத்திருப்பதே சரியன்று என்பதால், பல இணைப்புகளைச் சில இணைப்புகளுக்குள் அடக்கும் பிஜிபவுன்சரை இடையில் வைக்கும் வேலையை இந்த வாரம் தொடங்கியிருக்கிறோம்.