கையொப்பம் சேராத புத்தகம்

உயர்தர வகுப்பில் இருந்தபோது பாடசாலை மலர் அச்சிடக் காசு சேர்க்க, ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனோம். இரண்டு பின்னேரம் அலைந்தும் பாதிக் காசுகூடச் சேரவில்லை. மறுநாள் வாடிப்போய் இருந்த எங்களைப் பார்த்து, ஆங்கில ரீச்சர் பாடத்தை மூடிவைத்துவிட்டு அமெரிக்கக் கவிஞர் பிலிஸ் வீட்லியின் கதையைச் சொன்னார்.

1761இல் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பலில் பொஸ்டனுக்கு வந்திறங்கிய சிறுமி. முன்பற்கள் விழுந்திருந்ததை வைத்து ஏழெட்டு வயது என்று மதித்தார்களாம். பிலிஸ் என்பது கப்பலின் பெயர். வீட்லி, விலைக்கு வாங்கியவர்களின் பெயர்.

"அப்ப அவவின்ர சொந்தப் பேர் என்ன ரீச்சர்?" என்று கேட்டேன்.

"அதை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லைப் பிள்ளை."

1767இல் அவருடைய கவிதை நியூபோர்ட் பத்திரிகையில் வந்தது. 1770இல் போதகர் ஜோர்ஜ் வைட்ஃபீல்டுக்குப் பாடிய இரங்கற்பா பெரும்பேர் வாங்கிக் கொடுத்தது. ஆனால் 1772இல் நூலாக்க முயன்றபோது பொஸ்டனில் போதிய கையொப்பக்காரர், அதாவது நூலை வாங்குவதாக முன்கூட்டியே ஒப்பமிடுபவர்கள், சேரவில்லை. நம்முடைய பழைய நூல்களும் அப்படி முன்கூட்டிக் கையொப்பம் வாங்கி அச்சேறியவைதானே. அடிமைப் பெண் இப்படி எழுதுவாளா என்ற சந்தேகம் வேறு. ஆளுநர் தொமஸ் ஹட்சின்சன், ஜோன் ஹான்கொக் உட்பட 18 பேர், இவை அவள் எழுதியவைதான் என்று ஒப்பமிட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சான்றோடு 1773இல் நூல் லண்டனில் வெளிவந்தது. பொஸ்டனுக்கு அதன் பிரதிகளைக் கொண்டுவந்த டார்ட்மவுத் கப்பலில்தான், பிரித்தானிய வரியை எதிர்த்துப் பொஸ்டன்காரர் பிறகு கடலில் கொட்டிய தேயிலையும் வந்தது.

அந்த ஆண்டே பிலிஸுக்கு அடிமைத்தனத்திலிருந்து விடுதலை கிடைத்தது. 1779இல் இரண்டாவது நூலுக்கு விளம்பரம் செய்தார். அமெரிக்கச் சுதந்திரப் போர்க்காலம், காசு கொடுக்க ஆளில்லை. 1784 டிசம்பரில், முப்பது வயதளவில் இறந்துபோனார். கையெழுத்துப் பிரதியும் தொலைந்துபோயிற்று. எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான்.

இப்போது நான் இருப்பது பொஸ்டனில். கொமன்வெல்த் அவெனியூவில் 2003இல் வைத்த வெண்கலச் சிலையில், கன்னத்தில் விரல் ஊன்றி யோசித்தபடி இருக்கிறார் பிலிஸ். நூலின் முகப்புப் படத்திலும் அதே விரல், அதே கன்னம்; மற்றக் கையில் இறகுப் பேனா. பனிக்காலத்தில் அந்த வழியாகப் போனால், நின்று அவர் கைமீது கிடக்கும் பனியைத் தட்டிவிடுவேன்.

அன்று மணி அடித்ததும் ரீச்சர் எங்கள் ரசீதுப் புத்தகத்தை வாங்கினார். கைப்பையிலிருந்து காசை எண்ணி மேசையில் வைத்து, வெறும் பக்கத்தில் தன் பெயரை முழுதாக எழுதினார். சரி என்று மூன்றாம் பின்னேரமும் புறப்பட்டோம்.