ஷூ வாங்கும் முன் பாதத்தை அளந்துவிடுங்கள்

பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கமோ கப்பன் பார்க்கிலோ ஓடுகிறவரா? பிரிகேட் ரோட்டுக்கு ஷூ வாங்கச் சாயங்காலமாகப் போங்கள். பகலெல்லாம் நடந்து கால் லேசாக வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓட்டத்துக்குப் போடும் சாக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன், குதிகால் சுவரில் படும்படி காகிதத்தின் மேல் நின்று, நீளமான விரல் நுனியில் கோடு போட்டு அளந்துவிடுங்கள். இரண்டு காலையும்தான், பெரிய காலுக்கே சைஸ். விரலுக்கு முன்னால் சுமார் 1 செ.மீ. இடம் வேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் விரல் முட்டி முட்டி நகம் கறுத்துவிடும். யுகே 8 என்ற சைஸ் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றல்ல. ஷூ நாக்கின் உள்பக்கம் போட்டிருக்கும் செ.மீ. எண்ணைப் பாருங்கள்.

முன்பாதம் அகலமா? சைஸைக் கூட்டாதீர்கள், குதிகால் வழுக்கிக் கொப்புளம் வரும். 2இ, 4இ என்று குறித்த அகலமான ஷூவைக் கேளுங்கள். லேசான வழுக்கல் என்றால் கடைசி ஓட்டையில் லேஸை வளையமாக்கி, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் விட்டு இழுத்துக் கட்டினால் நின்றுவிடும்.

கடைக்காரர் 'உங்களுக்குத் தட்டைப் பாதம்' என்று பயமுறுத்திக் கனமான மாடலைத் தள்ளினால் உடனே தலையாட்ட வேண்டாம். கடைக்குள்ளேயே நாலு ரவுண்டு ஓடிப் பாருங்கள். சுகமாக இருப்பதை எடுங்கள். மேல்துணி புதிதுபோல இருந்தாலும், 500 முதல் 800 கி.மீ.க்குள் அடி நுரை அமுங்கிப்போகும்.