பாக்கி என்னுடையது, டிசி அவளுடையது

ஏப்ரல் 28-ஆம் தேதி கேட்ட டிசி, அதாவது பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஜூன் 20-ஆம் தேதிதான் கைக்கு வந்தது. 53 நாள். அஞ்சாவது முடித்த என் மகளை ஆறாவதுக்கு அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இதற்கு நான் ஏறி இறங்கிய படிகளை எழுதி வைத்தால் இதே நிலைமையில் இருக்கிற யாருக்காவது நாலு நாளாவது மிச்சமாகும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் குடியாத்தம். நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன், காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். எங்க வீட்டுக்காரர் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். போன வருஷம் தீபாவளி முடிந்த கையோடு மாதனூர் கிட்ட ஹைவேஸில் வண்டி இடித்து அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. நாலு மாதம் வீட்டோடு இருந்தார், வண்டிக்கு டியூ வேறு நிற்கவில்லை. என் சம்பளம் ஒன்றில் எதைத்தான் பார்ப்பது? தனியார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகளுக்கு ரெண்டு டெர்ம் ஃபீஸும் வேன் காசும் சேர்ந்து 22,400 ரூபாய் பாக்கி விழுந்தது.

அந்தப் பள்ளியில் போட்டதும் நாங்கள்தான், யாரும் வற்புறுத்தவில்லை. நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், கம்பெனியில் ஒரு மெயிலைப் படிக்கச் சொன்னால் கை நடுங்கும், அது அவளுக்கு வரக்கூடாது என்று நினைத்தேன். என் காதில் கிடந்த கம்மல் ரெண்டு முறை அடகுக்குப் போய் வந்ததே அந்த ஃபீஸுக்காகத்தான். இந்த முறை அடகு வைக்க ஒன்றும் இல்லை. மார்ச் மாதம் பிரேயரில் ஃபீஸ் கட்டாத பிள்ளைகளின் பெயரை வாசித்திருக்கிறார்கள். அவள் வீட்டில் சொல்லவே இல்லை. வயிறு வலிக்கிறது, லேட்டாகப் போகிறேன் என்று நாலு நாள் அடம் பிடித்தாள், ஐந்தாவது நாள் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கே முடிவெடுத்தேன், ஆறாவது அரசுப் பள்ளியில்தான்.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஆறாவதில் இருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்கும், காலேஜ் போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதற்கும் அந்த வருஷங்களைத்தான் பார்க்கிறார்கள். ஆறாவதைக் கோட்டைவிட்டு ஏழாவதில் சேர்த்தால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். அதனால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று என்னால் இருக்க முடியவில்லை.

சரி, பழைய பள்ளி ஆபீஸுக்குப் போனேன். கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "பாக்கிய க்ளியர் பண்ணிட்டு வாங்கம்மா, அன்னைக்கே டிசி" என்றார். "மாசம் ரெண்டாயிரமா கட்டிடறேன் சார், எழுதி வேணாலும் குடுக்கறேன்" என்றேன். "அப்ப முடிச்சதும் வந்து வாங்கிக்கோங்க." மாதம் ரெண்டாயிரம் என்றால் கிட்டத்தட்ட ஒரு வருஷம். அதுவரைக்கும் பிள்ளை என்ன செய்யும் என்று கேட்டேன். "இங்கயே படிக்கட்டுமே, ஆறாவதுக்கு ஃபீஸ் கட்டுங்க" என்றார். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை, மேலிடத்தில் சொன்னதைச் சொல்கிறார். அந்தப் பள்ளியில் வேலை பார்க்கிற டீச்சர்களுக்கும் நாங்கள் கட்டுகிற காசில்தான் சம்பளம் போகிறது, அதுவும் தெரியும். ஆனால் அடகுக்கடைக்காரர் ஒரு பொருளைப் பிடித்து வைத்தால் அதை நான்தான் கொண்டுபோய் வைத்திருப்பேன். என் பிள்ளையின் டிசியை நான் எங்கேயும் அடகு வைக்கவில்லையே.

அங்கிருந்து நேராக ஓர் அரசுப் பள்ளிக்குப் போனேன். டிசி இல்லாமல் சேர்க்க முடியாது, எமிஸில் பழைய பள்ளி விடுவித்தால்தான் இங்கே பெயர் ஏறும் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். எமிஸ் என்பது ஒவ்வொரு மாணவருக்கும் கல்வித்துறை கொடுத்திருக்கிற எண்ணும் பதிவும். பழைய பள்ளி அந்தப் பதிவைப் பொதுத் தொகுப்புக்கு விட்டால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். டிசி ஒரு பூட்டு, எமிஸ் இன்னொரு பூட்டு, ரெண்டு சாவியும் ஒரே கையில் இருந்தது.

மே மாதம் பாதி இப்படியே போனது. வைகாசி 1 அன்று கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே தெருவில் நின்றது, சிரசு ஊர்வலம் வரும்போது கூட்டத்தில் என் மகள் என் கையை விடவே இல்லை. "எனக்கு ஸ்கூல் கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டேன்ம்மா" என்றாள். பதினொரு வயசுப் பிள்ளை சாமியிடம் கேட்கிற விஷயமா இது? ராத்திரி எங்க ஆயாவிடம் சொல்லி அழுதேன். ஆயா பீடி சுற்றியே எங்கம்மாவை வளர்த்தவர், கையெழுத்து தெரியாது, கைநாட்டுதான். காமராஜர் 1954-இல் முதலமைச்சர் ஆன பிறகு சட்டமன்றத்துக்குப் போக எங்கள் குடியாத்தம் இடைத்தேர்தலில்தான் நின்று ஜெயித்தார், எங்க தாத்தா அவருக்கு ஓட்டுப் போட்டவர். அதைச் சொல்லிவிட்டு ஆயா கேட்டார்: "அந்தாளு சோத்தப் போட்டு புள்ளைங்கள ஸ்கூலுக்கு இஸ்தாந்தாரு, இப்ப இன்னாடி, சீட்டு இல்லன்னு வெளிய நிக்க வைக்கிறாங்களா?" மதிய உணவுத் திட்டம் 1956-இல் தொடங்கியபோது ஆயா பள்ளிக்குப் போகிற வயசைத் தாண்டி பீடித் தட்டோடு உட்கார்ந்தாகிவிட்டது. அதனால்தானோ என்னவோ, படிப்பு என்றால் அவருக்கு அவ்வளவு வேகம்.

மறுநாள் எங்கள் தெருவில் இருக்கிற ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவர்தான் வழி காட்டினார். குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதில் 5-ஆவது பிரிவைப் படித்துக் காட்டினார். பிள்ளை வேறு பள்ளிக்கு மாற வேண்டும் என்றால் கடைசியாகப் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அது வரத் தாமதமானாலும் அதைக் காட்டிப் புதுப் பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. இதை அவர் ரெண்டு முறை வாசித்தார். நான் மூன்றாவது முறை வாங்கி நானே வாசித்தேன். 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி அடிப்படை உரிமை என்று அரசியல் சாசனத்திலேயே 21ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறதாம், 2002-இல் திருத்தம் செய்து சேர்த்தது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில், டிசியைக் கட்டணம் வசூலிக்கிற கருவியாகப் பயன்படுத்தக் கூடாது, ஃபீஸ் பாக்கி என்று அதில் எழுதவும் கூடாது, பாக்கியைப் பள்ளிகள் சட்டப்படி வேறு வழியில் வசூலித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறது. இவ்வளவும் எனக்காக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, நான் மட்டும் மூணு வாரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அவர் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதினேன். பிள்ளை பெயர், வகுப்பு, எமிஸ் எண், 5-ஆவது பிரிவின்படி டிசி கேட்கிறேன், பாக்கி 22,400-ஐ மாதத் தவணையில் கட்டுகிறேன் என்று எல்லாம் அதில் இருந்தது. பாக்கியை மறைக்காமல் எழுதச் சொன்னது வாத்தியார்தான், அது ரொம்ப நல்ல யோசனை. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு வாரத்தில் அட்டை பள்ளி சீலோடு திரும்பி வந்தது, டிசி வரவில்லை. ஆனால் அந்த அட்டைதான் பிறகு எல்லா இடத்திலும் பேசியது.

ஜூன் 2, பள்ளி திறந்த நாள். லீவு போட்டேன், அன்றைய கூலியும் போனது, அட்டெண்டன்ஸ் போனஸும் போனது. இந்த முறை வேறொரு அரசுப் பள்ளி. தலைமை ஆசிரியை கடிதத்தின் நகலைப் பார்த்தார், அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அப்புறம் என் மகளைப் பார்த்து, "தமிழ்ல ஒரு பக்கம் படிச்சுக் காட்டறியாடா?" என்றார். அவள் திக்கித் திக்கிப் படித்தாள். இங்கிலீஷ் மீடியம், தமிழை நாங்களே கவனிக்காமல் விட்டுவிட்டோம், எனக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. "க்ளாஸ்ல போய் உக்காரு, டிசி வரும்போது வரட்டும்" என்றார். பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஆதார், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் நகல்களை வாங்கி, ஒரு தாளில் 'டிசி பின்னர் ஒப்படைக்கப்படும்' என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். பத்து நிமிஷம்தான். நான் ஐந்து வாரம் அலைந்தது அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான்.

இதில் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எமிஸில் பெயர் ஏறாததால் வருகைப் பதிவு ஆப்பில் அவள் இல்லை. மற்ற பிள்ளைகள் பெயருக்குச் சீருடைக் கணக்கு போகிறது, இவளுக்குப் போகவில்லை. புத்தகம் மட்டும் டீச்சர் கையிருப்பில் இருந்து கொடுத்துவிட்டார். தினமும் சாயங்காலம், "ஃபோன்ல என் பேரு வந்துச்சாம்மா?" என்று கேட்பாள். டீச்சர் அட்டெண்டன்ஸை ஃபோனில் போடும்போது இவள் பெயரைக் கூப்பிடாமல் தாண்டிப் போகிறாராம். தப்பு அவருடையது இல்லை. ஆனால் பிரேயரில் பெயரை வாசித்தபோது அழுத பிள்ளை இப்போது பெயரை வாசிக்காததற்கு அழுதது.

ஜூன் 9 திங்கட்கிழமை வேலூர் கிளம்பினேன். சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலில் போலீஸ் பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். வெளியே மனு எழுதித் தருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், நான் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போனதால் அந்தக் காசு மிச்சம். மனுவில் மூணே விஷயம்தான் கேட்டிருந்தேன்: டிசி வேண்டும், எமிஸில் விடுவிக்க வேண்டும், டிசியில் பாக்கி பற்றி எழுதக் கூடாது. கடிதத்தின் நகல், அட்டையின் நகல் ரெண்டும் இணைத்திருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் பட்டா கேட்டு ஒரு பெரியவர், பின்னால் உதவித்தொகை நின்றுபோன ஒரு பாட்டி. மனு எண் போட்டு ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதோடு கல்வித்துறையின் 14417 எண்ணுக்கும் ஃபோன் செய்து புகாரைப் பதிந்தேன்.

ஒன்பதாவது நாள் பழைய பள்ளியில் இருந்தே ஃபோன் வந்தது, டிசி ரெடி என்று. எமிஸும் அன்றைக்கே விடுவித்துவிட்டார்கள். ஓடினேன். தாளை வாங்கிப் பார்த்தால், கட்டணம் கட்டியாகிவிட்டதா என்கிற இடத்தில் 'இல்லை' என்று எழுதி, பக்கத்தில் ரூ.22,400 என்று போட்டிருந்தது. நீல மை, அழுத்தி எழுதிய எழுத்து, பின்பக்கம் தடவினால் கையில் தட்டுப்பட்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலேஜுக்குப் போனாலும் வேலைக்குப் போனாலும் இந்தத் தாள் அவளோடு வருமே. அப்படியே மேஜை மேல் வைத்துவிட்டேன். "இது வேணாம் சார், வேற எழுதிக் குடுங்க. எழுதக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லியிருக்கு." குரல் எனக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது. அவர் உள்ளே போனார், முக்கால் மணி நேரம் கழித்து வந்தார், ரெண்டு நாள் கழித்து வரச் சொன்னார். ஜூன் 20-ஆம் தேதி புது டிசி கொடுத்தார்கள், அந்த எழுத்து இல்லாமல்.

என் நாத்தனார் இன்றைக்கும் சொல்கிறாள்: "காசு இல்லாதப்ப கம்முனு இருக்கணும் அண்ணி, கடன வெச்சிக்கினு கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போவாங்களா?" அவள் சொல்வதை நானும் ரொம்ப நாள் நம்பினேன். காசு கட்டினால் படிப்பு, கட்டாவிட்டால் இல்லை, அது வசதி உள்ளவர்களுக்குக் கிடைக்கிற சலுகை என்றுதான் எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறோம். அதனால்தான் பெயரை வாசித்தாலும் வாயைத் திறப்பதில்லை. கடன் வாங்கியது நான், கையெழுத்துப் போட்டது நான். கேட்க வேண்டியது என்னை. என் சம்பளத்தைக் கேளுங்கள், நோட்டீஸ் அனுப்புங்கள், வழக்குப் போடுங்கள், நான் பதில் சொல்கிறேன். பிள்ளை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அவளுடைய படிப்பு அவள் பெயரில் சட்டம் எழுதி வைத்த சொத்து, அதை நான் பட்ட கடனுக்கு யாரும் பிடித்து வைக்க முடியாது.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. எங்கள் பின் தெருவில் ஒரு பையன், 15 வயசு, பத்தாவது முடித்தவன், அவனுக்கும் இதே பிரச்சனை. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. அந்த வயசைத் தாண்டியதும் பிள்ளைக்கு அப்படி என்ன மாறிவிடுகிறது? உயர் நீதிமன்றம் சொன்னதை வைத்து அவன் அம்மாவுக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த வாரம் அட்டை திரும்பி வரும்.

எந்தக் கடிதத்தையும் நேரில் மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள், தபாலில் போடுங்கள், நகல் வையுங்கள். எமிஸ் எண்ணை முன்பே குறித்துக்கொள்ளுங்கள், பழைய ரிப்போர்ட் கார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அரசுப் பள்ளி ஒன்றில் மறுத்தால் இன்னொன்றுக்குப் போங்கள், 5-ஆவது பிரிவை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

ஜூலையில் இருந்து மாதா மாதம் பழைய பள்ளிக்கு 2,000 கட்டுகிறேன், ரசீது வாங்கிக்கொள்கிறேன். அஞ்சு ரசீது ஆகிவிட்டது, இன்னும் 12,400 இருக்கிறது. போன மாதம் ரசீது எழுதிக்கொண்டே கிளார்க், "பாப்பா தமிழ் படிக்குதாம்மா இப்ப?" என்று கேட்டார். படிக்கிறாள். ஆயாவுக்குத் தினமும் ராத்திரி ஒரு பாடம் வாசித்துக் காட்டுகிறாள், ஆயா பீடி இலையை நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருக்கிறார்.