10 அடிக்கு வைத்தால் 25 அடியில் ஓடிய டார்பிடோ

பம்ப் கம்பெனியில் டெஸ்ட் பெஞ்ச்சிலேயே 18 வருடம் நின்றவன் நான். எங்கள் தொட்டியில் தண்ணீர் தெளிவாக இருக்கும், கரண்ட் 415 வோல்ட்டில் ஆடாமல் நிற்கும். மோட்டார் எல்லாம் பாஸ். ஒருநாள் காயில் (கம்பிச் சுருள்) கருகிய மோட்டாரைச் சாக்கில் சுற்றி மொபெட்டில் வைத்துக்கொண்டு ஒரு விவசாயி வந்தார். அவர் தோட்டத்தில் சாயங்காலம் 320 வோல்ட்தான் வருமாம். அந்த வோல்ட்டில் நாங்கள் ஒரு மோட்டாரைக்கூட ஓட்டிப் பார்த்ததில்லை.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகள் எதிரிக் கப்பல்மேல் தண்ணீருக்கடியில் விட்ட மார்க் 14 டார்பிடோ குண்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கருகல் வாசனை நினைவுக்கு வரும்.

கப்பலின் அடியில் போகும்போது அதை வெடிக்க வைக்கும் காந்தக் கருவியை 1926-ல் ஒரு பழைய நீர்மூழ்கியின் மேல் சோதித்தார்கள். விட்டது இரண்டு டார்பிடோ. ஒன்று வெடித்தது, ஒன்று வெடிக்கவில்லை. அவ்வளவுதான் நிஜச் சோதனை! டார்பிடோ ஒன்றின் விலை சுமார் 10,000 டாலர், வீணாக்க மனம் வரவில்லை. போர் வந்தது. நீர்மூழ்கிக் கேப்டன்கள் வெடிக்கவில்லை என்று எழுதினால், குறி தவறியிருக்கும் என்று அவர்கள் மேலேயே பழி விழுந்தது.

1942 ஜூனில் அங்கிருந்த அமெரிக்க நீர்மூழ்கிகளின் தலைவர் அட்மிரல் லாக்வுட், ஆஸ்திரேலியாவின் ஆல்பனி அருகே ஒரு மீன்வலையை வாங்கிக் கடலில் கட்டச் சொன்னார். 10 அடி ஆழத்துக்கு வைத்து விட்ட டார்பிடோ, வலையை 25 அடியில் கிழித்திருந்தது. முன்பு சோதனைக்கு டார்பிடோவின் முனையில் மாட்டியது தண்ணீர் நிரப்பிய தலை. நிஜ வெடிமருந்துத் தலையோ அதைவிட கனம்.

ஆழத்தைச் சரிசெய்தார்கள், காந்தக் கருவியையும் நிறுத்தி, கப்பலில் முட்டினால் வெடிக்கும் அமைப்பை மட்டும் நம்பினார்கள். அப்புறமும் தீரவில்லை. 1943 ஜூலை 24 அன்று டினோசா நீர்மூழ்கியின் இரண்டு டார்பிடோ வெடித்து, ஒரு பெரிய ஜப்பானிய எண்ணெய்க் கப்பல் அசையாமல் நின்றுவிட்டது. கேப்டன் டாஸ்பிட் பக்கவாட்டில் வந்து, செங்குத்தாகக் குறிவைத்து, ஒன்றன்பின் ஒன்றாக விட்டார். எல்லாம் போய் முட்டின, ஒன்றுகூட வெடிக்கவில்லை. கடைசி டார்பிடோவைச் சுடாமல், சோதித்துப் பார்க்க ஹவாயிலுள்ள பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுபோனார். அந்த நிதானத்துக்கு நான் தலைவணங்குகிறேன்.

அங்கே டம்மி தலைகளை 90 அடி உயரத்திலிருந்து இரும்புத் தகட்டில் போட்டுப் பார்த்தார்கள். நேராக விழுந்த பத்தில் ஏழு வேலை செய்யவில்லை. சாய்வாக விழுந்தவை பெரும்பாலும் வேலை செய்தன. மோதலின் வேகத்தில், மருந்தைத் தட்டி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின் சிக்கிக்கொண்டிருக்கிறது. குறி எவ்வளவு கச்சிதமோ, அவ்வளவுக்கு வெடிக்காது! பின்னை லேசாக்கியதும் சரியாயிற்று. சரியான டார்பிடோக்களோடு நீர்மூழ்கிகள் கிளம்பியபோது 1943 செப்டம்பர் கடைசி. போருக்குள் நுழைந்து 21 மாதம். அதுவரை கடலுக்கடியில் இருந்த பையன்கள் வேலை செய்யாத ஆயுதத்தை நம்பித்தான் எதிரிக்குப் பக்கத்தில் போயிருக்கிறார்கள்.