பல வருடம் கழித்துப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர்களுக்கு

முறை மறந்துபோச்சே என்ற கூச்சத்திலேயே பலர் பாவசங்கீர்த்தனத்தை, அதாவது செய்த பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவதை, வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். "சாமி, கடைசியாகச் செய்து பத்து வருடம் இருக்கும், செபம்கூட மறந்துவிட்டது" என்றே தொடங்கலாம். மீதியைக் குருவே கேட்டு வாங்கிக்கொள்வார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்து வரிசையில் போய் நிற்காதீர்கள், அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. சாதாரண நாளில், பங்குச் சாமியிடம் முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு போவது நல்லது. சொந்தப் பங்கில் தயக்கமென்றால் வேளாங்கண்ணி போன்ற திருத்தலங்கள் இருக்கின்றன. கேட்டதை எந்தக் குருவும் வெளியே சொல்ல முடியாது. நேரடியாக மீறினால் சபை விலக்கு தானாகவே அவர்மேல் விழும்.

முந்தின இரவு பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக வைத்து ஆன்ம சோதனை செய்யுங்கள். "தப்பு நிறைய செய்திருக்கிறேன் சாமி" என்றால் எதுவும் சொல்லவில்லை என்றுதான் பொருள். "அம்மாவின் மருந்துக்குத் தம்பி அனுப்பிய பணத்தில் மூன்று தடவை எடுத்தேன்" என்பதுதான் அறிக்கை. சாவான பாவத்துக்கு, அதாவது அறிந்தே மனமொப்பிச் செய்த கனமான பாவத்துக்கு, வகையும் எண்ணிக்கையும் வேண்டும். எண்ணிக்கை நினைவில்லையென்றால் "இரண்டு வருடமாக, மாதம் ஒரு தடவை" என்று சொன்னால் போதும். மருமகள் செய்ததும் பக்கத்து வீட்டுக்காரர் பேசியதும் அங்கே வேண்டாம். மறந்துபோன பாவமும் மன்னிக்கப்படுகிறது, அடுத்த முறை சொல்லிவிட வேண்டும். சாவான பாவத்தை வேண்டுமென்றே மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது.

பெரும்பாலும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். பாவத்துக்குப் பரிகாரமாகச் சாமி கொடுத்த அபராதம் மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் என்றால் பீடத்தின் முன்னாலேயே முடிந்துவிடும். எடுத்த பணம்? நற்செய்தியில் வரும் வரி வசூலிப்பவரான சக்கேயு நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். பழைய ஏற்பாட்டின் லேவியர் நூல் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. நம்மிடம் கேட்கப்படுவது எடுத்ததையாவது திருப்பித் தருவது. மொத்தமாக முடியாவிட்டால் மாதாமாதம் கொடுக்கலாம். உரியவர் இறந்திருந்தால் வாரிசுகளுக்குச் சேர வேண்டும். நம் பெயர் தெரியாமல் சேர்ப்பித்தாலும் கடன் தீரும். உண்டியலில் போட்டுவிட்டுக் பணத்துக்கு உரியவரை மறப்பது பரிகாரம் ஆகாது. ஒருவரைப் பற்றிப் பொய்யாகப் பேசியிருந்தால், கேட்டவர்களிடமே போய் "நான் சொன்னது உண்மையில்லை" என்று சொல்ல வேண்டும். பணத்தைத் திருப்புவதைவிட இது கடினம். ஆனாலும் கெட்ட பெயர் அவர்மேல் ஒட்டிக்கொண்டே இருக்கும்போது நாம் மட்டும் நிம்மதியாகப் பூசையில் நன்மை (நற்கருணை) வாங்குவது எப்படி?

பக்திக்குத் திரும்பும் வேகத்தில் தினமும் 53 மணி செபமாலை, அதிகாலைத் திருப்பலி, வெள்ளி உபவாசம் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். இரண்டாம் வாரம் ஒன்று விடுபடும், அந்தச் சோர்வில் மற்றதும் போகும். ஞாயிறு பூசை தவறக்கூடாது. அத்துடன் காலையில் போனைத் தொடுமுன் பத்து நிமிடம், அன்றைய நற்செய்திப் பகுதி. இவ்வளவு ஒரு மாதம் நிலைத்த பிறகு செபமாலையில் ஒரு பத்து மணி சேருங்கள். பாவத்துக்கு இழுக்கும் சந்தர்ப்பத்தையும் பெயர் சொல்லி அறுக்க வேண்டும்: குடி என்றால் அந்தக் கடை வழியே வீடு திரும்பக்கூடாது. மறுபடி விழுந்தால் அடுத்த தவக்காலம்வரை காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே சாமியிடம் போங்கள்.