பண்டாரவளையில் வீடு பார்க்கிற நம்மட ஆட்களுக்கு

மட்டக்களப்புக் கல்லடி வெயிலுக்குத் தப்பி பதுளை, பண்டாரவளைப் பக்கம் வீடு வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வாங்குங்கள், ஆனால் ஜன்னலால் தெரிகிற மலையை ரசிக்க முதல் வீட்டுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். அங்கே மண்ணைச் செங்குத்தாக வெட்டித்தான் இடம் எடுத்திருப்பார்கள், அந்த வெட்டு முகத்தில் வெடிப்பு இருக்கா, ஊற்று கசியுதா, தாங்கு சுவர் வயிறு தள்ளி நிற்குதா, அதில் தண்ணீர் போக ஓட்டை விட்டிருக்கா, மேல் வீட்டுக்காரரின் மலசலகூடக் குழியும் கானும் எந்தப் பக்கம் வடியுது என்று எல்லாம் பார்க்க வேணும். புதுப் பெயின்ட் அடித்த சுவரென்றால் எனக்கு இரட்டைச் சந்தேகம்.

காணி உறுதிப் பத்திரத்தைச் சட்டத்தரணி பார்ப்பார், சரி. மண்ணை யார் பார்ப்பது? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாய வலய வரைபடம் இருக்கிறது, காணிக்கு அறிக்கையும் கேட்டு எடுக்கலாம். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்சரிவில் புதைந்ததும் அதே பதுளை மாவட்டத்தில்தான், முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்த இடம் அது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றர் தாண்டினாலே அங்கே எச்சரிக்கை தொடங்கும், நமக்கு மாரியில் அது சாதாரண மழை.

பார்க்கப் போவதென்றால் பெருமழை ஓய்ந்த கையோடு போங்கள், தரகர் நல்லா வெயில் வரட்டும் என்று இழுப்பார்.