யூரிமார் சொன்ன தொகையும் கைக்கு வந்த தொகையும்

2018 பெப்ரவரியில் ஒரு மாலை, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள ஸ்காபரோவில் மார்க்கம் வீதியும் எல்ஸ்மியர் வீதியும் சந்திக்கும் இடத்தில் சிவப்பு விளக்குக்காக நான் காரை நிறுத்தியிருந்தபோது, பின்னால் வந்த கார் என் காரை இடித்தது. பம்பர் அமுங்கியதைத் தவிர வண்டிக்குப் பெரிய சேதம் இல்லை. நானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. நின்ற வண்டியைப் பின்னால் வந்து இடித்தால் இடித்தவருக்கே நூறு வீதப் பொறுப்பு என்று ஒன்ராறியோவின் காப்புறுதிப் பிழை நிர்ணய விதிகள் சொல்வதால், நட்டஈடு கிடைப்பதில் சிக்கல் இராது என்று நானும் கணவரும் நம்பியிருந்தோம். பிழை யாருடையது என்பது கடைசிவரை கேள்வியாகவே எழவில்லை. ஐந்து ஆண்டுகளும் என் கழுத்துக்கு என்ன நடந்தது என்ற ஒரே கேள்வியில்தான் கழிந்தன.

ஒன்ராறியோவில் இரண்டு வழிகள் இருக்கின்றன என்பதே எனக்கு அப்போது தெரியாது. முதலாவது, பிழை யாருடையதாக இருந்தாலும் நமது சொந்தக் காப்புறுதி தரும் விபத்து உதவிகள். ஏழு நாட்களுக்குள் அறிவித்து, அவர்கள் அனுப்பும் விண்ணப்பத்தை முப்பது நாட்களுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். கிழமைக்கு 560 டொலர் சம்பளத்தில் உணவு பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்த எனக்கு, அதில் எழுபது வீதமாக 392 டொலர் வந்தது. என் காப்புறுதியில் உச்சவரம்பே 400 டொலர்தான். ஆனால் கழுத்துச் சுளுக்கு 'சிறு காயம்' என்ற வகைக்குள் அடங்குவதால், சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்ட மொத்தத் தொகை 3,500 டொலர். பிசியோதெரபிக்கு நான்கு மாதங்களில் அது கரைந்துவிட்டது. பதினோராவது மாதத்தில், காப்புறுதி நிறுவனம் அனுப்பிய வைத்தியர் என்னை அரை மணிநேரம் பரிசோதித்து, வேலைக்குத் திரும்பலாம் என்று எழுதினார். வாராந்தத் தொகையும் நின்றது. முழு நேரம் நிற்க முடியாமல் அரை நேர வேலைக்குத் திரும்பினேன்.

இரண்டாவது வழி, இடித்தவர் மீது வழக்குப் போடுவது. 120 நாட்களுக்குள் அவருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுத்து, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். வலிக்கான நட்டஈடு பெறுவதற்குச் சட்டம் ஒரு வாசற்படியை வைத்திருக்கிறது: உடலின் அல்லது மனதின் முக்கியமான ஒரு செயற்பாடு நிரந்தரமாகவும் பாரதூரமாகவும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் படியைத் தாண்டினாலும், கிடைக்கும் தொகையிலிருந்து சட்டம் ஒரு பெரிய கழிவை எடுத்துக்கொள்ளும் என்று சட்டத்தரணி முதல் சந்திப்பிலேயே சொன்னார். வலியோடு உட்கார்ந்திருந்த எனக்கு அன்று அந்தக் கணக்கு மண்டையில் ஏறவில்லை.

எம்ஆர்ஐ படத்தில் முறிவு எதுவும் இல்லை. வயதால் வரும் தேய்மானம் என்று எழுதியிருந்தது. எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அப்போது 47 வயது. விபத்துக்கு முந்திய நாள்வரை பத்துக் கிலோப் பெட்டிகளைத் தோளுக்கு மேலே தூக்கி அடுக்கிய கழுத்து அது. படம் காட்டாததைக் காட்டக்கூடியவை குடும்ப வைத்தியரின் குறிப்புகள் மட்டுமே, அவற்றிலோ பல தடவை 'கழுத்து, முன்போலவே' என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. பிழை அவருடையது அல்ல. எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கும்போதெல்லாம் 'பரவாயில்லை டொக்டர்' என்று சொன்னவள் நான்தான். நம்மில் பெரும்பாலானோர் அப்படித்தான் சொல்வோம். அது ஒரு மரியாதைப் பேச்சு. 2019 இல் ஒரு நாள் நான் சொன்ன அந்தப் 'பரவாயில்லை', 'நோயாளி தேறி வருகிறார்' என்று ஆங்கிலத்தில் பதிவாகியிருந்தது. வழக்கில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த வரியை மூன்று தடவை வாசித்துக் காட்டினார். இந்தக் குறிப்புகளின் பாரத்தைச் சட்டத்தரணியிடம் அறிந்த பிறகே, தலைமுடி வார முடியவில்லை, இரவில் இரண்டு மணிக்கு எழும்புகிறேன், காரைப் பின்னால் எடுக்கத் திரும்ப முடியவில்லை என்று வைத்தியரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். அந்தப் பிந்திய குறிப்புகள்தான் என்னைக் காப்பாற்றின.

கொரோனாக் காலத்தில் யூரிமார் (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) அமரும் வழக்குகள் நிறுத்தப்பட்டதால், விசாரணை 2023 இலையுதிர் காலத்தில்தான் தொடங்கியது. யூரிமார் வேண்டும் என்று கேட்டது எதிர்த்தரப்பு. சிவில் வழக்கில் ஆறு பேர் அமர்வார்கள், ஐந்து பேர் உடன்பட்டால் போதும். உரைபெயர்ப்பாளர் மூலம் சாட்சி சொன்னேன். 'காலையில் கழுத்து விறைச்சுப்போய் இருக்கும், வேலை முடிய உளையும், பெட்டி தூக்கினால் குத்தும்' என்று நான் சொன்ன மூன்றும் ஆங்கிலத்தில் 'வலி' என்ற ஒரே சொல்லாகப் போயின. எனக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். நீதிபதியின் அனுமதியோடு மறுபடியும் விளக்கினேன். கைகளால் காட்டினேன், அப்போதுதான் யூரிமாரில் ஒருவர் பேனையை எடுத்து எழுதினார்.

பிறகு ஒரு காணொளி போட்டார்கள். தமிழ்க் கடை வாசலில் நான் ஒரு அரிசிப் பையைத் தூக்கிக் காரின் பின்பெட்டியில் வைக்கும் காட்சி. ஒரு நிமிடம்கூட இல்லை. என்னைப் பல நாட்கள் பின்தொடர்ந்து எடுத்தவற்றில் அதைத்தான் காட்டினார்கள். அன்று இரவு வெந்நீர்ப் பையோடு நான் படுத்திருந்ததை எந்தக் கமெராவும் எடுக்கவில்லை. எனக்கு மிகுந்த கோபம் வந்தது, இன்றும் இருக்கிறது.

பணத்தைக் கட்டப்போவது இடித்தவரின் காப்புறுதி நிறுவனம் என்பதை யூரிமார் முன்னால் யாரும் சொல்வதில்லை. அவர்களுடைய கண்ணுக்குத் தெரிந்தது, எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்த இருபத்து நான்கு வயதுப் பிள்ளை மட்டும்தான். இடித்த அன்று என்னிடம் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டவள் அவள். அவள் மேல் எனக்கு இன்றுவரை மனக்குறை இல்லை. ஆனால் தொகையை எழுதும் ஆறு பேரும் அந்த முகத்தைப் பார்த்தே எழுத வேண்டியிருந்தது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. தேய்மானம் முன்பே இருந்திருந்தாலும், காயப்பட்டவர் எப்படிப்பட்ட உடலோடு இருந்தாரோ அப்படியே அவரை ஏற்க வேண்டும் என்று நீதிபதி அவர்களுக்கு அறிவுறுத்தியது பெரிய ஆறுதலாக இருந்தது.

அவர்கள் ஆலோசனைக்காக உள்ளே சென்றிருந்த வேளையில், வாசற்படியை நான் தாண்டினேனா என்ற வாதத்தை நீதிபதி தனியே கேட்டார். அதைத் தீர்மானிப்பது அவர், யூரிமார் அல்ல. அந்தத் தீர்ப்பு சில கிழமைகளின் பின் எனக்குச் சாதகமாக வந்தது. தோளுக்கு மேலே தூக்க முடியாததால் அதே வேலையை முழு நேரமாகச் செய்ய முடியாது என்பதையே அவர் முதற்காரணமாக எழுதியிருந்தார்.

யூரிமார் இரண்டாம் நாள் பின்னேரம் வெளியே வந்தார்கள். வலிக்கும் வாழ்க்கையில் இழந்தவற்றுக்குமாக 80,000 டொலர் என்று தலைவர் வாசித்தார். இழந்த வருமானத்துக்கு வேறு ஒரு தொகை. அதில் ஏற்கனவே வாங்கிய வாராந்தப் பணம் கழிந்துபோனது. 80,000 இல் அந்த ஆண்டுக்குரிய சட்டக் கழிவு 44,367 டொலர் 24 சதம். மிஞ்சியது 35,632 டொலர் 76 சதம். அதிலிருந்துதான் சட்டத்தரணியின் பங்கும் வைத்திய அறிக்கைகளின் செலவும் போக வேண்டும். தொகை 147,889 டொலரைத் தாண்டியிருந்தால் கழிவே இருந்திருக்காது. இந்தக் கணக்கு எதுவும் யூரிமாருக்குச் சொல்லப்படவில்லை. கழிவைக் கருத்தில் கொள்ளாமலே தொகையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது சட்டம்.

கலைந்து போகும்போது, அன்று பேனையை எடுத்து எழுதிய அந்தப் பெண் மின்தூக்கியருகே என்னைக் கண்டார். பேசவில்லை. தன் கழுத்தில் கையை வைத்து, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். எண்பதாயிரம் கொடுத்துவிட்டோம் என்ற நினைப்போடுதான் அவர் வீட்டுக்குப் போயிருப்பார்.